ஃபிளோரா அத்தையின் மங்கு

புனிதாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது முகம் எது கண்ணில் பட்டாலும், "நீ எந்தத் தோட்டம்? யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டுவிடுவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெடாஸ் பக்கம் சுங்கை லீமாவ் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கேள்வி நாக்கின் நுனியிலேயே இருக்கும். கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், பாசாரில் மீன் வாங்கும் இடத்தில், தெரியாத ஒருவர் எதிரே வந்து நின்றால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பதில் வந்ததும், "அட, நம்ம முனியாண்டி பேத்தியா!" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதில் கள்ளம் கிடையாது. நீ தனியாள் இல்லை என்பதைச் சொல்லத் தோட்டத்துச் சனங்களுக்குத் தெரிந்த வழி அது.

அந்த அன்பான கேள்வியே ஒரு பிள்ளையின் கைக்கு வந்த சோற்றைத் தட்டிவிடும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

கோலா பிலா போகும் சாலையில் செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. புனிதா அங்கேயே படித்துப் பட்டம் வாங்கி, அங்கேயே மாணவர் நலப் பிரிவில் உதவியாளராகவும் சேர்ந்தவள். நூலகத்துக்குக் கீழே அவள் பொறுப்பில் ஓர் அறை. சுவரோரமாக முன்னாள் மாணவர் சங்கம் வாங்கிக் கொடுத்த அலமாரிகள். அவற்றில் அரிசி, சார்டின் டின், மீ நூடுல்ஸ் பொட்டலம், பிஸ்கட், பால்மாவு. கையில் காசில்லாத மாணவர்கள் புதன்கிழமை பிற்பகலில் வந்து ஆளுக்கொரு பை எடுத்துக்கொண்டு போகலாம்.

பெயர் எழுதக் கூடாது, காரணம் கேட்கக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது என்று மேலதிகாரியான புவான் ரோஸ்னாவிடம் வாதாடி வாங்கியவளே புனிதாதான். "பசிக்கு அடையாள அட்டை எதுக்கு புவான்?" என்று அவள் கேட்டதில் அந்த அம்மாளும் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமை வரிசையில் நட்டாலி நின்றிருந்தாள். சிரம்பான் லோபாக்கிலிருந்து வந்து படிக்கும் பெண். வாய் ஓயாமல் பேசுவாள், மனசு வெள்ளை. அவளுக்குப் பின்னால், அவள் தோளுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்ப்பவன்போல ஒரு நெட்டைப் பையன். சட்டை தோளில் தொங்கியது. பையைக் கையில் வாங்கியவன் தலையை நிமிர்த்தாமல், "தேங்க்ஸ் அக்கா" என்றான்.

அந்த "அக்கா"வில் தோட்டத்து வாடை இருந்தது. புனிதாவுக்கு அது போதும்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

அவன் தயங்கினான். "பெடாஸ் பக்கம்..."

"பெடாஸ்ல எங்க?"

"சுங்கை லீமாவ்."

"அட! எங்க தோட்டமா? யாரு வீட்டுப் புள்ள நீ?" அவன் வாயைத் திறப்பதற்குள் அந்த நீளமான மூக்கை அவளே கண்டுபிடித்துவிட்டாள். "ஃபிளோரா அத்தை மகன்தானே? அமலதாஸ் மாமா மூக்கு அப்படியே இருக்கு! எங்கம்மா வீட்டுலேருந்து மூணாவது வீடு லா நீங்க! பிரெண்டன்தானே பேரு? இந்தச் சனிக்கிழம வீட்டுக்குப் போறேன், உங்கம்மாகிட்ட சொல்றேன், பாத்தேன்னு!"

அமலதாஸ் குடும்பம் வேறொரு தோட்டத்திலிருந்து குடிவந்தபோது புனிதா வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். பையனும் சிரம்பானில் விடுதியில் தங்கிப் படித்தவன். அதனால்தான் இருவரும் இத்தனை நாள் பார்த்துக்கொண்டதில்லை. சொந்த ஊர்ப் பிள்ளையைக் கண்ட பூரிப்பில் அவள் குரல் வராந்தாவரை கேட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிரெண்டனின் முகம் சுண்டிப்போனது. பையை மெல்ல மேசைமேல் வைத்தான்.

"எனக்கில்ல அக்கா. கூட்டாளி ஒருத்தனுக்கு வாங்கலாம்னு வந்தேன். அவனே வந்து வாங்கிக்குவான்."

விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். நட்டாலி புனிதாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளும் தன் பையை அப்படியே வைத்துவிட்டு அவன் பின்னால் ஓடினாள்.

கூச்சக்காரப் பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு புனிதா அடுத்த ஆளுக்குப் பையை நீட்டினாள்.

சனிக்கிழமை அவள் தன் பழைய கஞ்சில் காரை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். புரட்டாசி மாதம். அம்மா குமுதவல்லி பெருமாளுக்குத் தளிகை போட்டு, அக்கம்பக்கத்தாருக்கு இலை விரித்திருந்தாள். சாம்பிராணிப் புகை அடங்குமுன்னே ஃபிளோரா அத்தை வாசலில் நின்றாள். கையில் மூடி போட்ட ஒரு மங்கு, நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் கிண்ணம்.

"வாங்கத்தை. பசியாறியாச்சா?" என்றாள் புனிதா.

"உங்கம்மா சாமிக்குப் படைக்கிற அன்னைக்கு நான் எங்க பசியாறுவேன்? வயித்தக் காலியா வச்சுக்கிட்டு வந்திருக்கேன் லா."

"மாதா கோயில் பாதிரியாருக்குத் தெரிஞ்சா என்னா சொல்வாரு?" என்று குமுதவல்லி சீண்டினாள்.

"அவரும் வர்றேன்னாரு. எலை பத்தாதுன்னு நான்தான் விட்டுட்டு வந்தேன்."

சிரிப்போடு எல்லாரும் உட்கார்ந்தார்கள். அமலதாஸ் மாமாவும் வந்திருந்தார். செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை ஒன்று சரிந்து தோளில் விழுந்ததில் அவர் வலது கையை இன்னும் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தார். குமுதவல்லி ஒரு கரண்டியை அவர் இலையோரம் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"பாப்பா," என்று ஃபிளோரா புனிதாவின் காதோரம் குனிந்தாள். "அங்க பிரெண்டனைப் பாத்தியானா மாமா வேலைக்குப் போகலைன்னு சொல்லிடாத. வலியெல்லாம் கொறைஞ்சிருச்சு, போறாருன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். படிக்கிற புள்ள, மனசு ஒடைஞ்சிடுவான்."

புனிதா தலையாட்டினாள்.

"ஒரு விசயத்துல ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லணும்." இப்போது ஃபிளோராவின் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி உயர்ந்தது. "உங்க யூனிவர்சிட்டில புள்ளைங்களுக்கு மூணு வேளையும் அவங்களே சோறு போட்டுடறாங்களாமே! ஒரு நாளைக்குக் கோழியாம், புதன்கெழமையானா மீன் கறியாம். 'நீங்க ஒன்னும் அனுப்பாதீங்கம்மா, எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல'ங்கறான். மாமாவுக்கு அடிபட்டதுலேருந்து அந்த ஒரு கவலை இல்ல எனக்கு. நீயும் அங்கதானே இருக்கே, நல்லா இருக்கும்மா."

புனிதா தண்ணீர்த் தம்ளரை எடுத்தாள்.

அங்கே யாரும் யாருக்கும் மூன்று வேளை சோறு போடுவதில்லை. புதன்கிழமை மீன் என்பது அவள் பையில் வைக்கும் சார்டின் டின்; நட்டாலி சொல்லிக் கேட்டிருப்பான். அந்தப் பையைக்கூட அவன் வாங்கிக்கொண்டு போகவில்லை. எங்கே தன் அம்மாவின் காதுக்குப் போய்விடுமோ என்று பயந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். "உங்கம்மாகிட்ட சொல்றேன்" என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னது யார்?

"என்னா பாப்பா, கண்ணு கலங்குது?"

"ரசம் காரம், அத்தை."

ஃபிளோரா மங்கை அவள் பக்கம் தள்ளினாள். "இது ஒனக்கு. கச்சான் கடலை போட்ட மொளகாச் சம்பால். நீ புரட்டாசி விரதம்னு உங்கம்மா சொன்னா. அதனால நெத்திலி போடல, எறா அரைச்ச பெலாச்சானும் போடல. சட்டியைக்கூட ரெண்டு தடவ வெளக்கிட்டுத்தான் செஞ்சேன். வாரம் பூரா வச்சுச் சாப்பிடு. பிரெண்டனுக்கு வேணாம், அவனுக்குத்தான் அங்க போடுறாங்களே."

அன்று சாயங்காலம் புனிதா மாரியம்மன் கோயிலில் வெகுநேரம் நின்றாள். 'தாயே, சொன்னால் பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் பெற்றவளை ஏமாற்றியதாகும். நான் என்ன செய்ய?' அம்மன் வழக்கம்போல மஞ்சள் முகத்தோடு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தெய்வம் எல்லாக் கேள்விக்கும் வாய் திறந்து பதில் சொல்வதில்லை. சில நேரம் பதிலை நம் வீட்டுச் சமையல்கட்டிலேயே வைத்துவிடுகிறது.

மறுநாள் புறப்படும்போது குமுதவல்லி மங்கைப் பழந்துணியில் சுற்றிக் காரில் வைத்தாள். "மங்கு பத்திரம். திருப்பிக் கொண்டாரப்போ வெறுமையா கொண்டாந்துடாத. ஒன்னும் இல்லாட்டி ரெண்டு கொத்துக் கருவேப்பிலையாச்சும் போட்டுக் கொண்டா."

இது சொல்லித் தெரியவேண்டிய சங்கதி இல்லை. தோட்டத்தில் வந்த ஏனத்தை யாரும் வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு பிடி சீனியோ, நாலு மிளகாயோ, எதுவோ அதற்குள் இருக்கும். அப்போதுதான் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் கை சமமாக இருக்கும். ஆனால் அன்று அம்மா சொன்ன அந்த வார்த்தை கோலா பிலா போய்ச் சேரும்வரை புனிதாவின் காதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய அறையிலிருந்து போகும் பைகள் திரும்பி வருவதே இல்லை. அவற்றில் எதையும் போட்டுத் திருப்பித்தர யாருக்கும் வழியில்லை.

திங்கட்கிழமை காலையில் நட்டாலி அவள் மேசைமுன் வந்து நின்றாள்.

"அக்கா, ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்குவீங்களா?"

"சொல்லு."

"பிரெண்டன் படிப்ப நிறுத்தப் போறான். செனவாங்ல ஃபேக்டரி வேலை. வெள்ளிக்கெழம சாயங்காலம் அவன் கூட்டாளி வேன் எடுத்துட்டு வர்றான். பேக்கெல்லாம் கட்டிட்டான்."

"ஏன் திடீர்னு?"

"ஏன்னு நீங்க கேக்குறீங்க!" நட்டாலியின் மூக்கு சிவந்தது. "எத்தன நாள் கெஞ்சி அவன அங்க கூட்டிட்டு வந்தேன் தெரியுமா? 'யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க லா, பேரு கூட கேக்க மாட்டாங்க'ன்னு ப்ராமிஸ் பண்ணேன். கரெக்ட்தான், நீங்க பேரக் கேக்கல. அவங்கம்மா பேரையே சொல்லிட்டீங்க."

புனிதா பேனாவைக் கீழே வைத்தாள்.

"தப்புதான் நட்டாலி."

"நீங்க வேணும்னு செய்யல. அது எனக்கும் தெரியும்."

"வேணும்னு செஞ்சிருந்தா ஒரு மன்னிப்புல போயிரும். அன்பா செஞ்சேன் பாரு, அதான் உறுத்துது. இப்ப எங்க சாப்பிடறான்?"

"எங்க சாப்பிடறான்? பிஸ்கட்டு, தண்ணி. நான் எதாச்சும் குடுத்தா டயட்டுங்கறான். அவன் இருக்கிற லட்சணத்துக்கு டயட்! பேன்ட்டுக்குக் கயிறு கட்டாத கொறைதான்."

"சாயங்காலம் எங்க இருப்பான்?"

"அவன் பாத்தியிலதான். அந்த மொளகாச் செடிய விட்டு எங்க போவான்?"

விவசாய மாணவர்கள் பழகுவதற்கென்று விடுதிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் ஒதுக்கியிருந்தார்கள். சாயங்கால வெயிலில் பிரெண்டன் ஒரு பாத்திக்கு நடுவே குந்தியிருந்தான். சிலி பாடி என்னும் ஊசிமிளகாய்ச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து, விரல்நகம் அளவுக்குச் சிவப்பும் பச்சையுமாகக் காய்த்துக் கிடந்தன. படிப்பை விட்டுப் போகப்போகிறவன், வேரைச் சுற்றிக் காய்ந்த புல்லைப் பரப்பிக்கொண்டிருந்தான். தான் போனபிறகும் ஈரம் காயாமல் இருக்கட்டும் என்று நினைத்தான் போலும்.

புனிதாவைக் கண்டதும் எழுந்து நின்றான். ஓடிவிடலாமா என்று அவன் கண் வழி தேடியது.

"தம்பி, நான் ஒன்னும் கேக்க வரல. ஒன்கிட்ட ஒரு யோசனை கேட்டுப் போக வந்தேன்." சுற்றியிருந்த பழந்துணியைப் பிரித்து மங்கை நீட்டினாள். "இத ஒருத்தவங்க எனக்குச் சம்பால் வச்சுக் குடுத்தாங்க. திருப்பிக் குடுக்கணும். வெறுமையா குடுக்க முடியாது. எதப் போட்டுக் குடுக்கறதுன்னுதான் தெரியல."

அவன் மங்கை வாங்கி உயர்த்தி, அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தான். அங்கே சிவப்பு நகப்பூச்சில் ஒரு சின்னச் சிலுவை. திருவிழாச் சமையலில் ஏனங்கள் கலந்துவிடாமல் இருக்க தோட்டங்களில் வீட்டுக்கு வீடு ஓர் அடையாளம் போட்டு வைப்பார்கள். அவர்கள் வீட்டு அடையாளம் அது. அவனே சின்ன வயதில் போட்டதாகக்கூட இருக்கலாம்.

"எங்கம்மாவப் பாத்தீங்களா?" என்றான்.

"பாத்தேன்."

"சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லப் போறீங்களா?"

"நான் ஏன் சொல்லணும்? அன்னைக்கு வரிசையில வாயத் தொறந்து நான் செஞ்ச வேல ஒன்னு போதாதா?" அவள் குரல் தாழ்ந்தது. "என்னை மன்னிச்சிரு தம்பி. யாரு வீட்டுப் புள்ளன்னு தெரிஞ்சா சந்தோசம்தான் வரும்னு நெனச்சேன். பயம் வரும்னு நெனக்கல."

ஒரு பெரிய மனுசி இப்படிக் கேட்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மங்கின் மூடியைத் திறந்து, உள்ளே பார்ப்பதுபோல முகத்தைத் தாழ்த்திக்கொண்டான். வாசனை மேலே ஏறியது. வறுத்த மிளகாயும் புளியும் பனைவெல்லமும் கலந்த வாசனை. அவன் வயிறு அவனைக் கேட்காமலேயே சத்தம் போட்டது. இருவருக்கும் கேட்டது. இருவரும் கேட்காததுபோல நின்றார்கள்.

"மங்கு காலியானாத்தானே நான் திருப்பிக் குடுக்க முடியும்?" என்றாள் புனிதா. "நான் ஒருத்தியா எப்ப தின்னு முடிக்கறது? நட்டாலி நம்ம ரூம்ல சோறு வச்சிருக்கா. வந்து ஒரு கை குடேன்."

நல அறையில் மேசையை நடுவே இழுத்துப் போட்டிருந்தார்கள். சோற்றுக் குக்கர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நட்டாலி வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். "என்ன வாசனை இது, என்னால் வேலை பார்க்க முடியவில்லை" என்று மலாயில் கேட்டுக்கொண்டே புவான் ரோஸ்னா எட்டிப் பார்த்தார். அவரையும் உட்காரவைத்து ஒரு தட்டைக் கொடுத்தார்கள். யார் கொடுக்கிறவர், யார் வாங்குகிறவர் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் எல்லாரும் ஒரே மங்கிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பிரெண்டன் முதல் கவளத்தை வாயில் வைத்து, சற்று நேரம் மெல்லாமல் இருந்தான்.

"நெத்திலி இல்ல," என்றான். "நெத்திலி போடாம எங்கம்மா சம்பால் வச்சதே இல்ல."

"எனக்காக. புரட்டாசி விரதம்னு."

"உங்களுக்காகவா?" அவன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நான் எத்தன தடவ அழுதிருக்கேன், முள்ளு குத்துது, நெத்திலி வேணாம்னு! 'இஷ்டமிருந்தா தின்னு, இல்லாட்டி எந்திரிச்சுப் போ'ம்பாங்க."

அப்போதுதான் நட்டாலியின் வாய்ப்பூட்டு உடைந்தது. "அம்மாவே டயட் சம்பால் செஞ்சு அனுப்பியிருக்காங்க லா. தின்னு, தின்னு."

அவன் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டான். யாரும் அவன் தட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதும் ஓர் உபசாரம்தான்.

மங்கைக் கழுவித் துடைத்து அவன் கையிலேயே கொடுத்தாள் புனிதா. "எதப் போட்டுக் குடுக்கறதுன்னு நீயே யோசி. வெள்ளிக்கெழம சாயங்காலம் நான் வீட்டுக்குக் கெளம்பறேன். நீயே கொண்டாந்து குடுத்துடு."

"வெள்ளிக்கெழம எனக்கு வேன் வருதுக்கா."

"தெரியும்."

"நான் போய்த்தான் ஆகணும். அப்பா வேலைக்குப் போறாருன்னு அம்மா சொல்றாங்க. இருந்தாலும்..."

அவள் நாக்கு வரை வந்தது. அமலதாஸ் மாமா இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டதைச் சொல்லிவிடலாமா? ஆனால் அது ஃபிளோரா அத்தை நம்பி ஒப்படைத்த வார்த்தை. "அத நீயே போய்ப் பாரு தம்பி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மற்ற நாட்கள் அவளுக்கு நகரவே இல்லை. வேலைக்கு நடுவே அடிக்கடி மனசுக்குள் அம்மனைக் கூப்பிட்டாள். பிரெண்டன் வீட்டுச் சிலுவையின் சாமியையும் சேர்த்தே கூப்பிட்டாள். எந்தச் சாமி முதலில் வந்தாலும் அவளுக்குச் சம்மதம்.

வெள்ளிக்கிழமை மாலை, விடுதி வாசலில் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. சற்றுத் தள்ளி அவளுடைய கஞ்சில். பிரெண்டன் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மங்குமாக இறங்கி வந்தான். வேன்காரனிடம் ஏதோ பேசினான். அவன் கையை ஆட்டிச் சத்தம் போட்டான். பிரெண்டன் திரும்பி வந்து கஞ்சிலின் பின்கதவைத் திறந்து பெட்டியை உள்ளே தள்ளினான்.

"நாளைக்குக் காலையில பெடாஸ்லேருந்து பஸ் பிடிச்சு வந்துடறேன்னு சொல்லிட்டேன். மங்க மட்டும் குடுத்துட்டுப் போயிடறேன்."

"சரி தம்பி," என்றாள் புனிதா. வண்டியைக் கிளப்பினாள். மங்கு அவன் மடியில் இருந்தது. அது நிறையச் சிலி பாடி, சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், காம்பு கிள்ளாமல்.

வீட்டு வாசலில் ஃபிளோரா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகனைக் கண்டதும் துணி கையிலிருந்து நழுவியது. சந்தோசம் ஒரு நொடிதான். மறுநொடி அவள் கண் அவனை மேலும் கீழும் அளந்தது.

"என்னடா இது? மூணு வேளையும் கோழியும் மீனும் போடுறாங்கன்னு சொன்ன, கோழிதான் ஒன்னத் தின்னுடுச்சா?"

பிரெண்டன் மங்கை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவனையே பார்த்தாள்.

"அம்மா, அங்க சோறெல்லாம் யாரும் போடல. நான் பொய் சொன்னேன்."

உள்ளேயிருந்து அமலதாஸ் எழுந்து வந்தார். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த அந்தக் கோலத்தில், ஒளிந்துகொள்ள நேரமில்லாமல் மகன்முன் வந்து நின்றுவிட்டார். பிரெண்டன் அந்தக் கட்டைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார்.

"வேலைக்குப் போறாருன்னு சொன்னீங்க..."

பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று நேரங்கெட்ட நேரத்தில் கூவியது.

ஃபிளோரா மங்கைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். மகனின் தோளில் ஓர் அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நீ எங்களுக்குப் பொய் சொல்லு, நாங்க ஒனக்குப் பொய் சொல்றோம். ரெண்டு பக்கமும் பொய்யத் தின்னே பசியாறிக்கிட்டு இருந்திருக்கோம், இல்ல?"

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் காருக்குள் இருந்த பெட்டி அவள் கண்ணில் பட்டது. "அது என்னா பெட்டி?"

"செனவாங்குக்கு... வேலைக்குப் போயிடலாம்னு இருந்தேம்மா."

அவள் நேரே போய்ப் பெட்டியை இறக்கித் திறந்தாள். சட்டை, பேன்ட், போர்வை என்று உள்ளே இருந்ததை எல்லாம் வாளியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"அம்மா! எல்லாம் துவைச்சதும்மா!"

"யாரு சொன்னா? அழுக்கு. இங்க இருந்தே நாறுது." சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்தாள். "காயட்டும். காஞ்சா போடு. காயாட்டி ஈரத்தோட போட்டுக்கிட்டு யூனிவர்சிட்டிக்குப் போ. வேற எங்கயும் போக ஒனக்கு எங்கிட்ட துணியில்ல."

அமலதாஸ் மெல்ல வந்து மங்கிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து உருட்டிப் பார்த்தார். "யாரு போட்டதுடா இது?"

"நான்தான்ப்பா. என் பாத்தி."

அவர் அதைக் கடித்தார். கண்ணில் நீர் பொங்கியது. "நல்ல காரம்," என்றார். காரத்துக்கு வந்த நீரைத் துடைக்கிறவர்போல இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத நட்ட கைய மிசின் தள்ளவா அனுப்பறது? எனக்குக் கை கூடிடும்டா. முருங்கை, கீரைன்னு நானும் இங்க ஒத்தக் கையால எதாச்சும் போடறேன். நீ அங்க போடு."

குமுதவல்லியும் இரண்டு வீடு தாண்டி வந்து எட்டிப் பார்த்து, விசயம் தெரிந்து, ராத்திரிச் சோறு எல்லாருக்கும் தன் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து கார் புறப்பட்டபோது, பின்சீட்டில் பாதி காயாத சட்டைகள் விரித்துக் கிடந்தன. முன்னால் பிரெண்டனின் மடியில் அந்த மங்கு. இந்தத் தடவை அவன் கொண்டுவந்த மிளகாயையே அரைத்து, நெத்திலி போட்டு வைத்த சம்பால். புனிதாவுக்குத் தனியாகப் புட்டியில், நெத்திலி இல்லாமல்.

கஷ்டம் ஒரே நாளில் ஓடிப்போய்விடவில்லை. பிரெண்டன் வாரக் கடைசியில் பர்கர் கடையில் வேலைக்கு நிற்கிறான். அமலதாஸ் இன்னும் மருத்துவமனைக்கு நடக்கிறார். ஆனால் நல அறையில் ஒன்று மாறியது. பைக்குப் பதில் மங்கில் கொடுக்கலாமா என்று புனிதா கேட்டதற்குப் புவான் ரோஸ்னா சம்மதித்தார். முன்னாள் மாணவர் சங்கத்தார் வீடுகளிலிருந்து பழைய மங்குகள் வந்து சேர்ந்தன. இப்போது அரிசியும் பருப்பும் மங்கில்தான் போகின்றன. திரும்பி வரும்போது அவை வெறுமையாக வருவதில்லை. ஒருத்தி நாலு தண்டு செராய், எலுமிச்சைப் புல், போட்டு வைப்பாள். ஒருவன் ஆறு கலமான்சி எலுமிச்சையை வைத்துவிட்டு, அறையின் காற்றாடியையும் சரி பண்ணிவிட்டுப் போவான். எதுவும் கையில் இல்லாதவர்கள் பிரெண்டனின் பாத்தியில் போய்ப் பறித்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். அதைத்தான் அவன் அவர்களிடம் கேட்டுக்கொண்டான்.

ஒரு புதன்கிழமை புதுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து தயங்கி நின்றாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, தோட்டத்து நடை. புனிதாவின் நாக்கு நுனியில் பழைய கேள்வி துள்ளியது. மேசைக்குப் பின்னால் அரிசி அளந்துகொண்டிருந்த பிரெண்டன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

புனிதா கேள்வியை விழுங்கிவிட்டு, ஒரு மங்கை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"காரம் தின்பியா, கண்ணு?"